பங்க் மண்ணுக்கு ஓர் அளவுகோல்

"இன்னும் எத்தனை அடி தோண்டணுமுங்க?" என்று டேவிட்சன் பரிதாபமாகக் கேட்டார்.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பாலுசாமி, டேங்கைப் பிடுங்கி எடுத்த குழியை எட்டிப் பார்த்தார். கோவை கணபதியில் டேவிட்சனின் பெட்ரோல் பங்க்குக்கு சீல் வைத்தவர் அவர்தான். பூமிக்கடியில் டேங்க் துருப்பிடித்து ஒழுகி, பக்கத்து வீட்டு நஃபீசாவின் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் ஆகியிருந்தது.

"மண்ணு எவ்வளவு சுத்தமா இருக்கோணும்னு எங்ககிட்ட அளவே இல்லீங்க. கெணத்துக்காரம்மா மோந்து பார்த்து வாசமில்லைன்னு சொல்லட்டும், தெறந்துக்குங்க."

"நீங்களே மோந்து பாருங்களேன் சார்."

"நான் சொன்னா கவர்மெண்டு சொன்னதா ஆயிருமுங்க."

அன்று சாயங்காலமே டேவிட்சன் அடிமண்ணை டம்ளரில் அள்ளிக்கொண்டு நஃபீசாவின் வாசலில் நின்றார். அந்த அம்மாள் பொய்யே பேசமாட்டார். டேவிட்சனுக்கு அதுதான் பெரிய தலைவலி.

"வாசமிருக்குது தம்பி. அல்லாவுக்குப் பயந்து சொல்லோணுமில்லீங்களா?"

மேலும் தோண்டினார். மண் குவிந்து தெருவே நாறியது. லாரியில் ஏற்றிக் கருமத்தம்பட்டிக்கு அனுப்பினால், அங்கே தறிக்காரர்கள் மறித்து லாரியை அப்படியே திருப்பிவிட்டார்கள். வெயிலில் காயட்டும் என்று பரப்பினார். அது சரியாக நஃபீசாவின் சமையலறை ஜன்னலுக்கு நேரே வந்து தொலைந்தது. ஃபினாயில் தெளித்ததில் இரண்டு நாற்றமும் கூட்டுச் சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் டம்ளர் போயிற்று. நஃபீசா கண்ணை மூடி, டம்ளருக்குள் மூக்கை நுழைத்து, மூச்சை ஆழமாக இழுப்பார்.

"இருக்குது தம்பி."

குழி அகலமாகி, சுற்றுச்சுவரும் சாய்ந்தது. டேவிட்சன் ஒடிந்தே போனார். பிழைப்பு போனது ஒரு பக்கம். தன்னால் ஒரு வீட்டுக் கிணறு பாழானதுதான் மனதை அறுத்தது. சர்ச்சில் முழங்கால் போட்டு அழுதார்.

மறுநாள் நஃபீசா டம்ளரை நெடுநேரம் முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"ஏனுங்க தம்பி, துளி வாசமில்லீங்க!" கிணற்றில் ஒரு வாளி இறைத்து அதையும் முகர்ந்தார். "இதுலயும் இல்லை. இன்னைக்கு இந்தத் தண்ணியிலதான் சோறாக்கப் போறேன்."

பாலுசாமி சீலை உடைத்தார். டேவிட்சன் ஆனந்தக் கண்ணீரோடு, லட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நஃபீசா வீட்டுக்கு ஓடினார்.

வாசலில் மகள் யுஸ்ரா, அடிபிடித்துக் கரியாய்ப் போன சட்டியோடு மூக்கைப் பொத்தியபடி நின்றாள்.

"அம்மா அடுப்புக்கு முதுகைக் காட்டி உக்காந்து பூண்டு உரிச்சிட்டிருந்தாங்கண்ணா. கறி இப்படிக் கருகிக் கெடக்குது, வாசமே வரலைங்கறாங்க... உரிக்கற பூண்டுலயும் வாசமில்லையாமுங்க!"