சுளுக்கு என்று சொன்னேனே, அது பொய்

பூதலூர் பக்கம்,
தை 25, ஞாயிற்றுக்கிழமை

மதிப்பும் அன்பும் மிகுந்த நன்னிலம் வீரையன் அய்யா அவர்களுக்கு,

பூதலூருக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்து ரெத்தினம் வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே நான், என் மனைவி வேம்பு, மகள் சுடர்விழி, இரண்டு மாடு, ஒரு கன்றுக்குட்டி எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் மாப்பிள்ளை தமிழ்மாறனும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் அய்யா இந்தக் கடிதமே.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் எனக்கு நாக்கு குழறும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், போன வாரம் மாட்டுக்கு வயிற்றுப்போக்கு என்று கால்நடை டாக்டருக்கு அனுப்பிய படம் உங்கள் குடும்பக் குழுவில் போய் விழுந்து, தங்கள் வீட்டம்மா அதற்குக் கும்பிடு போட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் நீங்கள் பெண் பார்க்க வந்தபோது, சுடர்விழி காபியைத் தட்டில் வைத்துக் கொண்டுவராமல், ஒவ்வொரு டம்ளராக இரண்டு கையாலும் பிடித்து நாலு நடை நடந்து கொடுத்தாள். "கையில என்ன?" என்று நீங்கள் கேட்டீர்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "சுளுக்குங்க, வண்டி ஸ்டாண்டு போடுறப்ப புடிச்சிக்கிட்டு" என்றேன். நீங்களும் பாவம், உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னீர்கள். அய்யா, அது சுளுக்கு இல்லை. என் மகளுக்கு நாலு வருஷமாக முடக்குவாதம் இருக்கிறது. பொய் சொன்னது நான். அவள் அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. இனிமேலும் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னால் சோறு சாப்பிட முடியாது.

முதலிலிருந்து சொல்கிறேன். சுடர்விழிக்கு உதவி வேளாண்மை அலுவலர் வேலை கிடைத்து எட்டாவது மாதம். ஒரு நாள் காலையில் பேஸ்ட் மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். கெட்டியாக மூடிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் தாழ்ப்பாள், அதற்கு மறுநாள் சட்டைப் பொத்தான். விரல் மூட்டெல்லாம் வாழைத்தண்டு மாதிரி வீங்கிவிட்டது. காலையில் ஒரு மணி நேரம் கை அசையாது, பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். நான் சும்மா இருந்தேனா? ஒருவர் எண்ணெய் தேய்த்தால் சரியாகும் என்றார், தேய்த்தேன், வீக்கம் கூடியது. இன்னொருவர் கட்டுப் போடச் சொன்னார், போட்டேன், பிரிக்கும்போது அவள் அழுதாள். கடைத்தெரு மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரையை வாங்கிவந்தேன். இரண்டே நாளில் வலி போன இடம் தெரியவில்லை. நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு மாதத்தில் அந்த மாத்திரையால் அவள் முகம் பௌர்ணமி போல உப்பிவிட்டது. என் தங்கச்சி வந்து பார்த்துவிட்டு, "மருமவளுக்கு நல்லா சதை புடிச்சிருக்கு, வேல ஒத்துக்கிட்டு போல" என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் சுடர்விழியே விசாரித்து, தஞ்சாவூரில் மூட்டுவாதத்துக்கென்றே படித்த குந்தவை டாக்டரம்மாவிடம் போனாள். நானும் துணைக்குப் போனேன். ரத்தம் பார்த்து, படம் பார்த்து, அந்த அம்மா சொன்னார்கள்: "உடம்புக்குள்ள நோய்க்கிருமிய அடிக்கிறதுக்குன்னு ஒரு காவல் இருக்கு. இவங்களுக்கு அந்தக் காவல் சொந்த மூட்டையே எதிரின்னு நெனச்சு அடிக்குது." "யாரும்மா தூண்டிவிட்டது?" என்று கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை, அதற்காக அவர்களை நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன். "யாரும் தூண்டிவிடல. யார் செஞ்ச தப்பும் இல்ல. முழுசா போவும்னு சொல்ல மாட்டேன். ஆனா அடக்கி வச்சு நல்லா வாழலாம்" என்றார்கள்.

மருந்து என்ன தெரியுமா? மஞ்சளாக, உளுந்து அளவு மாத்திரை மூன்று. அதுவும் வாரத்துக்கு ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை. வேறொரு நாளில் ஒரு சத்து மாத்திரை. குறிப்பிட்ட நாளுக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. அவ்வளவுதான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா என்று எழுதிக் கொடுத்தால், ஒன்றரை மூட்டை போட்டால்தான் மனசு ஆறும் ஆள் நான். இத்தனை பெரிய வியாதிக்கு இந்தத் துணுக்கு மாத்திரையா? ஒரு புதன்கிழமை, அவள் வலியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கமுடியாமல், மூன்று மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய், "வாரத்துல ஒரு நாளைக்கே இவ்வளவு கேக்குதுன்னா, நடுவுல ஒரு தடவ போட்டா சீக்கிரம் கேக்கும்ல?" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். "அப்பா, இத தினம் போட்டா நான் செத்துருவேன்" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்வது போல. நான் அவசரமாகத் திரும்ப டப்பாவில் போடப்போய் ஒரு மாத்திரை கீழே விழுந்து, நானும் வேம்புவும் தரையெல்லாம் தடவி, அதைக் கோழி கொத்துவதற்கு முன் எடுத்து முடித்தோம். அன்றிலிருந்து டப்பாவை நான் தொடுவதில்லை.

மருந்து என் கையை விட்டுப் போனதும் நான் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டேன். சத்தாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது உண்மை. கீரை, பயறு, வாய்க்கால் மீன், கேழ்வரகு, தவிடு போகாத அரிசி என்று சொன்னார்கள், பேக்கரிப் பண்டத்தையும் சர்க்கரையையும் குறைக்கச் சொன்னார்கள், அதோடு விட்டார்கள். நான் விடவில்லை. தக்காளி ஆகாது என்று ஒருவர் சொன்னார், நிறுத்தினேன். கத்தரிக்காய் ஆகாது என்றார் இன்னொருவர். உருளைக்கிழங்கு வாயு, துவரம்பருப்பு வாதம், மோர் குளிர்ச்சி, புளி எலும்பை அரிக்கும் என்று ஆளுக்கொன்றாகச் சொல்ல, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இலையில் வெறும் சோறும் சீரகத் தண்ணீரும் மட்டும் மிஞ்சியது. வேம்பு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இந்தா, இந்த அடுப்பு, இந்த வீடு, நீங்களே வச்சுக்குங்க. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டாள். சுடர்விழிதான் அவளை வாசலில் மறித்தாள். பிறகு ஒரு நோட்டை எடுத்தாள். மூன்று மாதம், தினமும், என்ன சாப்பிட்டாள், மறுநாள் காலையில் கை இளக எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று எழுதினாள். வயலில் உர அளவுக்கு வரப்புப் பிரித்துச் சோதனை செய்வார்களே, அந்தப் பொறுமை. மூன்று மாதம் கழித்து எங்களை உட்காரவைத்துத் தீர்ப்பு சொன்னாள். தக்காளி நிரபராதி. கத்தரிக்காயும் நிரபராதி. தூக்கம் குறைந்த மறுநாள்தான் கை மோசம். வேம்பு அன்றைக்கே தக்காளி ரசம் வைத்தாள். அந்த ரசத்தின் வாசனைக்கு நான் கண்ணீர் விட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டும்.

இனிமேல் எழுதுவது சிரிப்பில்லை அய்யா. ஒன்றரை வருஷத்தில் வீக்கம் வடிந்து, வண்டி ஓட்டி, ஊர் ஊராகப் போய்வந்தாள். எனக்குத்தான் புத்தி சும்மா இருக்கவில்லை. போனில் வந்த ஒரு வீடியோவில் ஒருவர் பேசுவதைக் கேட்டேன். சாப்பாடே போதும், மருந்தெல்லாம் விஷம் என்றார். "இவ்வளவு நல்லா இருக்கியே, இனி எதுக்கு அந்த மாத்திர?" என்று தினமும் அவளை அரித்தேன். மாத்திரை போட்ட மறுநாள் அவளுக்குக் குமட்டும், ரத்தம் எடுக்கிற ஊசிக்குக் கை நீட்டி நீட்டி அலுத்துப்போயிருந்தாள். "சரிப்பா, கொஞ்ச நாள் பாப்போம்" என்றாள். டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டு மாதம் ஒன்றுமில்லை. ஐப்பசியில், நடவு மும்முரத்தில், ஒரே வாரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. தோள்வரை கை தூக்க முடியவில்லை. வேம்பு நடவுக்குப் போயிருந்தாள். வேலைக்குக் கிளம்பவேண்டிய என் மகள் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. நான் போய் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தலைவாரினேன். எனக்குத் தெரிந்த பின்னல் வைக்கோல் பிரி திரிப்பது ஒன்றுதான். அதையே பின்னினேன். நிலைக்கண்ணாடியில் பார்த்தாள். "அப்பா, இதுல வண்டியே கட்டி இழுக்கலாம்" என்றாள். அந்தப் பின்னலோடுதான் அலுவலகம் போனாள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய், நிறுத்தியதை மறைக்காமல் சொன்னாள். நான்தான் காரணம் என்று நானும் சொன்னேன். "சாப்பாடு நல்லா சாப்புட்டதாலதான் உடம்பு தெம்பா இருந்துச்சு, அத விடாதீங்க. ஆனா அது மாத்திரையோட வேலைய செய்யாது. குறைக்கணும்னா சேந்து பேசிக் குறைப்போம்" என்றார்கள். திரும்பச் சரியாக நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதமும் காலையில் தலைவாரியது நான்தான். இப்போது எனக்கு மூன்று கால் பின்னலே வரும்.

போன கார்த்திகை மழையில் பயிர் மூழ்கியபோது, சேதக் கணக்கெடுக்க நாள் முழுக்கத் தண்ணீரில் நடந்தாள். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. நான் வழக்கம்போல, "காய்ச்சல்னு சொல்லிடும்மா" என்றேன். அவள் போனை எடுத்து அதிகாரியிடம், "சார், எனக்கு மூட்டுவாதம் இருக்கு. இன்னைக்குக் கை வேலை செய்யல. நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அவ்வளவு எளிதாக! நான் வாசற்படியில் நின்றுகொண்டே இருந்தேன். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் முதுகு ஒடிய வேலை செய்தவர், ஒரு நாள்கூட வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் அப்படியே வளர்ந்தேன். தன் உடம்பே தன்னை அடிக்கிறது என்று தெரிந்தும் அதன்மேல் கோபப்படாமல், பயப்படாமல், அதற்கு வேண்டியதை அளந்து கொடுத்து, தன் பாட்டுக்கு வேலைக்குப் போகிற இந்தப் பெண் எனக்கு எப்படிப் பிறந்தாள் என்று அன்றைக்கு ஆச்சரியப்பட ஆரம்பித்தவன்தான், இன்னும் முடிக்கவில்லை.

ஒன்று மிச்சம் இருக்கிறது, எழுதக் கூச்சமாக இருக்கிறது. பிள்ளை பெறலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சுடர்விழியே கேட்டாள். "தாராளமா. ஆனா முன்கூட்டியே எங்கிட்ட சொல்லணும். இந்த மாத்திரைய சில மாசம் முன்னாடியே நிறுத்திட்டு, வேற மருந்துக்கு மாத்திக்கலாம்" என்றார்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதைப் படித்தபின் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று தாங்கள் முடிவு செய்தால், அது தங்கள் உரிமை. எனக்குத் துளியும் வருத்தமில்லை. மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் அமைந்தாலும் நான் குடும்பத்தோடு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து வாழ்த்திவிட்டுப் போவேன். தங்கள் வயலில் அறுப்பு நல்லபடியாக முடியவும், வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்கவும் மனமார வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
பூ. ரெத்தினம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் சுடர்விழி வந்து, யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். முழுவதையும் வாங்கிப் படித்தாள். பெண் பார்க்க வந்த அன்று கொல்லைப்பக்கம் பத்து நிமிஷம் பேசவிட்டோமே, அதில் முதல் நிமிஷத்திலேயே மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவர் அன்றைக்கே திரும்பும் ரயிலில் உங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டாராம். "நீயா எப்ப சொல்லுவேன்னுதான்ப்பா நான் பேசாம இருந்தேன்" என்கிறாள். அப்படியானால் மூன்று வாரமாக என்னோடு பேசும்போதெல்லாம் பந்தல், பத்திரிகை, மழை என்று மட்டுமே பேசினீர்களே, எல்லாம் தெரிந்துகொண்டா? அய்யா, நான் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்கள் கணக்கில் உங்களையும் சேர்த்துவிட்டேன். ஆகவே மேலே எழுதிய இத்தனை பக்கத்தையும் படிக்காததாக நினைத்துக்கொள்ளவும். முக்கியமாக, வருத்தமில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன் பாருங்கள், அதைத் தாங்களே பேனாவால் அடித்துவிடுங்கள். வருத்தம் உண்டு. சம்பந்தம் வேண்டாம் என்றால் முதல் பஸ்ஸில் நன்னிலம் வந்து உங்கள் வாசலில் உட்கார்ந்துவிடுவேன், யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன்.