தும்பிக்குப் பூச்சியம், பைனஸ் மரத்துக்குப் பத்து

தும்பியையும் மரத்தையும் ஒரே மேசையில் வைத்துப் புள்ளி போட்ட பெருமை, உலக வரலாற்றிலேயே புத்தளக் கரையோரத்தில், பெயர் சொல்லக் கூடாத ஓர் அலுவலகத்துக்கு மட்டுமே உரியது.

யுத்தம் முடிந்து பத்தாவது வருடம். அலுவலகத்துக் குளத்தை வைத்திருப்பதா, மூடிவிட்டுப் பைனஸ் தோப்பு வைப்பதா என்பதே பிரச்சினை. குளத்துக்கு மழைக்காலந்தோறும் மஞ்சள் தும்பிகள் முட்டையிட வரும். முதல் பைனஸ் மரமோ எட்டு நாளுக்கு முன்னர்தான் நுவரெலியாவிலிருந்து லொறியில், தன் சொந்த மண்ணோடு வந்திறங்கியிருந்தது. யாருக்கு "உரிமை" என்று தீர்மானிக்க "உயிரின ஒப்பீட்டுக் குழு" கூடியது.

குழுவின் செயலாளர் கரைத்தீவு முஃப்லிஹா. நுளம்பு பிடிக்கும் ஒரே உத்தியோகத்தர் தும்பிதான் என்பது அவள் எண்ணம். குளம் போனால் அதுவும் போய்விடும்.

தலைவர் இஸ்ஸதீன் கண்ணாடியைத் துடைத்தார். "ஒழுக்கம்?"

"தும்பி ஒரு இடத்தில நிக்காது, சேர்."

"பூச்சியம். மரம்?"

"வந்ததில இருந்து அசையல்ல."

"பத்து! கூட்டத்துக்கு வந்திச்சா?"

மரம் ஜன்னலோரம் நின்றது. தும்பியொன்று உள்ளே வந்து, தலைவரின் காதோரம் பாடிய நுளம்பைக் கவ்விக்கொண்டு பறந்தது. "அனுமதியின்றி வெளியேறியது" என்று பதியப்பட்டது.

"நிரந்தர வதிவு?"

"தும்பி வருஷா வருஷம் வருது, சேர். மரம் வந்து எட்டு நாள்தான்."

"வாறது வந்தேறி. நிக்கிறது நிரந்தரவாசி. பத்து!"

குளத்தை மூட ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். முஃப்லிஹா எதிர்த்தாள், ஏகமனது அதைப் பொருட்படுத்தவில்லை.

அறிக்கையில் செயலாளர் ஒப்பமிட வேண்டும். ஒப்பத்துக்குக் கீழே, ஒப்பமிடுபவர் நிரந்தரவாசியா இடம்பெயர்ந்தவரா என்று கேட்கும் ஒரு கட்டம் இருந்தது.

"பிள்ள, உம்மட பேர் எந்தப் பட்டியல்ல?"

"இடம்பெயர்ந்தோர் பட்டியல்ல, சேர். உம்மா வாப்பா தொண்ணூறில புலிகள் வெரட்டி மன்னாரில இருந்து வந்தவங்க."

"நீர் பொறந்தது?"

"தொண்ணூத்திரண்டில. புத்தளம் ஆஸ்பத்திரியில."

"அப்ப நீர் எங்க இருந்து இடம்பெயர்ந்த?"

"வார்ட்டில இருந்து வூட்டுக்கு, சேர்."

தலைவர் ஆழ்ந்து யோசித்தார். பிறகு, இடம்பெயர்ந்தவரின் ஒப்பம் மட்டும் போதாதென்று, நிரந்தரவாசி ஒருவரைச் சாட்சியாகக் கூட்டி வந்து ஒப்பமிடும்படி பணித்தார்.

முஃப்லிஹா பேனாவை மூடினாள். செயலாளர் ஒப்பமிடாத அறிக்கை கொழும்புக்குப் போகாது. அது போகாமல் குளத்தில் ஒரு கூடை மண்ணும் விழாது.

"மரத்திட்டயே ஒப்பம் வாங்குங்க, சேர். அதுக்கு எட்டு நாளில ஊர் குடுத்தீங்க. எங்களுக்கு இருபத்தொன்பது வருஷமா பட்டியல்தான் குடுத்தீங்க."