கிருபைராஜின் கோட்டுப் பரீட்சை

கோட்டின் இடது கையிலிருந்து புகை கிளம்பியபோது கிருபைராஜ் கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஓய், கருகுது வே!" என்று வாசலில் உட்கார்ந்து கூரை விசிறியான பங்காவை இழுக்கும் அப்பாத்துரை அலறினான்.

கிருபைராஜின் சுபாவம் அப்படி. ஊசியில் நூல் நுழைந்தாலே ஒரு ஸ்தோத்திரம். இஸ்திரிப்பெட்டியை மட்டும் துணிமேலேயே மறந்துவிட்டான், மகானுபாவன்.

அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட யூனிஸின் அப்பா, ஏரல் பாக்கியசீலன், கறாராகச் சொல்லியிருந்தார்: "ஏதாவது தொழிலுக்குச் சர்டிபிகேட் வாங்கிட்டு வாரும். கிறிஸ்துமஸுக்குள்ள வரலைன்னா யூனிஸை வேற எடத்துல கட்டிக் குடுத்துருவேன்."

தச்சுவேலைக்கு இரண்டு வருஷம், அச்சுக்கோக்க ஒரு வருஷம், தையலுக்கு மூன்றே மாதம். யோசிக்க என்ன இருக்கிறது? பாளையங்கோட்டையில் தையல் படித்தான். இன்று பரீட்சை.

கருகினதை வெட்டினான். சரிக்கட்ட வலது கையை வெட்டினான். அது இன்னும் குட்டையாகிவிட்டது. மறுபடி இடது. இரண்டும் முழங்கைக்கு மேலே ஏறிய பிறகுதான் சமமாயின.

"பைய வெட்டும் தம்பி, துணி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் பக்கத்து மேசை தாஜ் முகம்மது. அவர் தம் கோட்டை எப்போதோ முடித்துவிட்டு மிச்சத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

யூனிஸ் போயே போய்விட்டாள்! கிருபைராஜ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "ஐயா, ஒரு ஜெபம் பண்ணிக்கிடட்டுமா?" என்று பரீட்சை நடத்தும் பாதிரியார் எலியேசர் ஐயரிடம் கேட்டான்.

ஜெபம் என்றால் 'ஆமென்' காதில் விழும்வரை கண் திறக்காத மனிதர் அவர். உடனே மூடிக்கொண்டார்.

கிருபைராஜ் ஆதாமில் ஆரம்பித்தான். நோவாவின் பேழைக்கு நன்றி. செங்கடலுக்கு நன்றி. தாமிரபரணித் தண்ணீருக்கு நன்றி. மூன்று மாதமும் அளவுநாடா இரவல் கொடுத்த தாஜ் முகம்மது அண்ணாச்சிக்கும் அவர் பிள்ளைகுட்டிகளுக்கும் ஆசீர்வாதம். முக்கால் மணி நேரம் கழித்து 'ஆமென்' சொல்லிக் கண்ணைத் திறந்தால், மேசைமேல் முழுக்கை வைத்த கோட்டு!

எலியேசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல்னா இது தையல்!" என்று சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தாஜ் முகம்மது தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று முன்னமே கிளம்பிப் போயிருந்தார். கிருபைராஜ் கண்ணீர் வழிய வாசலுக்கு ஓடிவந்து அப்பாத்துரையைக் கட்டிக்கொண்டான்.

"அற்புதம், அப்பாத்துரை! கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள ரெண்டு கையும் வந்துட்டு பாத்தியா!"

"பாத்தேன் வே. அந்நேரம் கண்ணைத் திறந்திருந்தது நானும் தாஜ் முகம்மது அண்ணாச்சியும்தான். எனக்குத் தைக்கத் தெரியாது."