ஏசித்தண்ணி அண்ணனும் காட்டுப்பூவரசும்

மதுரை தல்லாகுளத்தில் எந்தக் கட்டடத்து ஏசி எந்தச் சந்தில் சொட்டும் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஆபீஸின் சீனியர் கிளார்க். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் ஏசித்தண்ணி அண்ணன்.

மனிதருக்கும் நாற்காலிக்கும் ஆகாது. ஃபைலை நின்றபடி எழுதுவார், டீயை நடந்தபடி குடிப்பார். கோயிலில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் போதும், செருப்பு இருக்கிறதா என்று பார்க்க நாலு தடவை வாசலுக்குப் போய்வருவார்.

அப்படிப்பட்டவர் போன டிசம்பரில் கொடைக்கானல் போய், இடுப்பளவு காட்டுப்பூவரசுச் செடி ஒன்றைச் சாக்கோடு பஸ்ஸில் தூக்கி வந்தார். மலை உச்சிக் காட்டில் பனிக்குள் நின்று, கொத்துக் கொத்தாகச் சிவந்து பூப்பது அது. மூன்று மொட்டு இருந்தது. அண்ணன் மனைவி, எங்களுக்கு மதினி, அந்த மலையில் பிறந்தவர். இதய ஆபரேஷனுக்குப் பிறகு மலையேறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அவ போக முடியாது தம்பி. பூவு வரலாம்ல?" என்றார் அண்ணன்.

மதுரை வெயிலில் அதை எங்கே வைப்பது? எங்கள் கம்ப்யூட்டர் அறையில், ஏசிக்குக் கீழே, வடக்கு ஜன்னலோரம் ஒரு தொட்டியில் வைத்தார். வைத்ததோடு விடவில்லை. எங்களுக்குத் தினமும் வகுப்பு நடந்தது. அதற்கு வேர் மேலாகத்தான் ஓடும், ஆழமாக நடக்கூடாது. தண்ணீர் தேங்கவும் கூடாது, மண் காயவும் கூடாது. புளிப்பு மண்தான் பிடிக்கும், பைன் மரத்து இலை மக்கிய மண் என்றால் உத்தமம். சுண்ணாம்பு ஆகவே ஆகாது. நம்ம ஊர் போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பே அதற்கு விஷம். அதனால்தான் ஏசித் தண்ணீர்.

காலையில் ஸ்கூட்டரில் நாலு கேனோடு கிளம்பிவிடுவார். பாங்க் சந்து, ஜவுளிக்கடைப் பின்புறம், பல் ஆஸ்பத்திரி மாடிப்படி. பல் ஆஸ்பத்திரி ஏசி பழசு, அதனால் தாராளம் என்று அதற்கு நற்சான்று வேறு. பாங்க் வாட்ச்மேன் ஒருநாள் திருடன் என்று கையைப் பிடித்தார். அரை மணி நேரம் செடி வளர்ப்பைக் கேட்ட பிறகு, மறுநாளிலிருந்து அவரே வாளி வைத்துத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

பிப்ரவரியில் பெரிய அதிகாரி இன்ஸ்பெக்ஷனுக்கு வருவதாகத் தகவல் வந்தது. பெரியவர் யார் வந்தாலும் தொட்டிக்குக் காவி அடித்து, விளிம்பில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, வாசலெல்லாம் வெள்ளைப் பொடி தூவுவது நம் வழக்கம். அதற்குப் பொறுப்பாக என்னைப் போட்டார்கள். அண்ணனோ மதினியின் செக்கப்புக்காக ஒரு வாரம் லீவு. நல்லெண்ணத்தோடுதான் பெயிண்டரிடம் அந்தத் தொட்டியையும் விட்டுவிடாதீர்கள் என்றேன். அவர் மிச்சப் பொடியைச் செடியின் தூரிலும் வட்டமாகத் தூவினார். அத்தனை வகுப்பு கேட்ட எனக்கு அது சுண்ணாம்பாகவே தெரியவில்லை, மரியாதையாகத் தெரிந்தது. போதாததற்கு, அண்ணன் சொல்லிவிட்டுப் போனபடி தினமும் ஏசித் தண்ணீர் ஊற்றி அதை நானே நன்றாகக் கரைத்து வேருக்கு அனுப்பினேன்.

அண்ணன் திரும்பி வந்தபோது இலையெல்லாம் மஞ்சள். இரண்டு மொட்டு தரையில் கிடந்தது.

"யாரு பண்ணுனது?"

"பெயிண்டருண்ணே" என்று வாய்கூசாமல் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. தொட்டியைக் கவிழ்த்து, வேரை ஏசித் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் அலசினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானமே லீவு எழுதிக்கொடுத்துவிட்டு மலைக்குப் பஸ் ஏறி, செடி வாங்கிய அதே நர்சரியில் பைன் மக்கு ஒரு மூட்டை வாங்கி வந்தேன். அதன்பிறகு மூன்று வாரம், தினமும் பத்து தடவையாவது அந்த ஒற்றை மொட்டைப் போய்ப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாவி வாங்கி ஆபீஸைத் திறந்து பார்த்தபோது, அது விரிந்திருந்தது. அண்ணன் மதினியை ஸ்கூட்டரில் கூட்டி வந்தார். மதினி பூவைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எங்க ஊர்ல இது மரமாட்டம் நிக்கும். பாவம், இங்க வந்து எம்புட்டு எளச்சுப் போச்சு" என்று சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அண்ணன் இரண்டு நாற்காலியை இழுத்துப்போட்டு, அவரை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. "அண்ணே, பெயிண்டர் இல்ல. நான்தான் பூசச் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்ப்பா. அவரு அன்னைக்கே சொல்லிட்டாரு. நீ மூட்டையோட வந்து நின்னியா, சரி, போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்கள் இரண்டு பேர். அவர்கள் முன்னால்கூட நான் அப்படி அழுததில்லை.