வாவிக்கரை மலைவாசிகள்

வாவிக்கரையில் மலை இல்லை என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சுகாதாரத் திட்டம் வகுப்பவர்களுக்கு மட்டும் அதைத் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் இதுவரை ஏற்படவில்லை.

ஆகவே, மலைப்பிரதேசத்தில் வசிக்கும் நாட்பட்ட நுரையீரல் நோயாளருக்கான நூறு பரிசோதனைப் பெட்டிகள், உரிய மரியாதையுடன் எங்கள் ஆஸ்பத்திரியில் வந்திறங்கின. நுரையீரலுக்குப் போகும் இரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று கொஞ்ச இரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடுமாம். முப்பது வருடம் மரத்தூளைச் சுவாசித்த என் மனிசன் வோல்ட்டருக்குக் கட்டிலிலிருந்து கதவடிக்குப் போகவே மூன்று தரம் நிற்கவேண்டும். இந்த முடிவு வந்தால்தான் மருந்து என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

திட்ட உத்தியோகத்தர் யோகராசா படிவத்தைப் பார்த்தார்.

“கல்லடியா? அது வாவிக்கரைதானே. ஏலாது அன்ரி. இது மலைவாசிகளுக்கு.”

“நூறு மலைவாசிய எங்க பிடிப்பீங்க, வாவிக்குள்ளயா?”

“வந்தாக் குடுப்பம். வராட்டி வச்சிருப்பம்.”

எனக்குப் பின்னால் காத்தான்குடி ஹமீட். நெசவுத் தூசியில் நெஞ்சடைத்தவர். சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, மலைக்குப் போய் இருந்திட்டு வந்தா?”

யோகராசா சுற்றுநிருபத்தைப் புரட்டினார். “உயரமான இடத்தில ஏழு நாளுக்குக் குறையாமத் தங்கினதா கிராம சேவகர் உறுதிப்படுத்தினாப் போதும்.”

கிராம சேவகர் சுலோஜனா கெட்டிக்காரி. வெள்ளப் பதிவேட்டை விரித்தாள். “மார்கழி வெள்ளத்தில வோல்ட்டர் அங்கிள் ஒன்பது நாள் கொன்வென்ற் மேல்மாடியில. ‘உயரமான இடத்தில் தங்கவைக்கப்பட்டார்’ எண்டு என்ட கையாலதான் எழுதின.” முத்திரை விழுந்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? பக்கத்து வீட்டு லொறெய்னிடம் சொன்னேன். இரண்டு நாளில் எங்கள் ஒழுங்கையில் இருபத்தேழு மலைவாசிகள். அதில் இருமுபவர்கள் எட்டுப் பேர்.

வோல்ட்டருக்கு அழுத்தம் ஏறித்தான் இருந்தது. திட்டத்தின்படி முதற் சிகிச்சை: “நோயாளியை உடனடியாகத் தாழ்ந்த பிரதேசத்துக்கு இறக்குக. இறங்கிய பின்னரே மருந்து.”

“இதுக்குக் கீழ இறங்கினா மீனோடதான் குடும்பம் நடத்தோணும்.”

“அது உங்கட விருப்பம் அன்ரி. எனக்கு இறங்கின அத்தாட்சி வேணும்.”

வெள்ளம் வடிந்து ஆட்கள் மேல்மாடியிலிருந்து இறங்கிய திகதியும் சுலோஜனாவின் பதிவேட்டில் இருந்தது. மருந்து கிடைத்தது. மனிசன் இப்போது ஒரே ஒரு தரம் நின்று கதவடிக்குப் போகிறார். இறங்கியவர்களுக்குச் சத்துமாப் பையும் உண்டு என்று அறிந்ததும், மிச்ச இருபத்தாறு பேரும் ஒரே காலையில் மலையை விட்டு இறங்கினார்கள்.

மாத்திரை வாங்க மறுபடி போனபோது ஹமீடும் வந்திருந்தார். வெள்ளத்தில் பள்ளிவாசல் மேல்மாடியில் எட்டு நாள் தங்கியதற்கான கடிதம் ஒருவழியாகக் கையில். திட்ட அறைக் கதவு பூட்டு. கதவில் அறிவித்தல்:

“இப்பிரதேச மலைவாசிகள் இருபத்தேழு பேரும் வெற்றிகரமாகத் தாழ்நிலம் சேர்க்கப்பட்டுள்ளனர். மலைவாசிகள் எவரும் எஞ்சியிராமையால் மிகுதி எழுபத்துமூன்று பெட்டிகளும் திருப்பி அனுப்பப்பட்டன.”

அதன்கீழே, இறங்கியதை ஒப்புக்கொண்டவர்களின் கையொப்பங்கள். முதலாவது, வோல்ட்டருக்காக நான் வைத்தது. கொன்வென்ற் எழுத்து, முத்துமுத்தாக.

ஹமீட் அதை வாசித்து முடிக்க நேரமெடுத்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு.

“நீங்க எல்லாரும் இறங்கிட்டீங்க, தங்கச்சி,” என்றார். “நான் இன்னும் ஏறவேயில்லையே.”