ஐம்பத்து மூன்றாவது குறை

தப்பு மார்லிஸ் மேல்தான். டுலூத் என்ற ஏரிக்கரை ஊரில் இருபத்திரண்டு வருஷமாக வீடு விற்றுக் கொடுக்கிறவள் அவள். விற்கிறவர் தன் வீட்டின் கோளாறுகளைக் கைப்பட எழுதித் தரவேண்டிய படிவத்தை, உலகத்தில் வேறு ஆளே இல்லாததுபோல், ஆர்னேயின் கையில் கொடுத்திருந்தாள்.

விற்க வேண்டியது அவர்கள் வீடுதான், இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. அவளே உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் எழுதிவிட்டு அவனிடம் கையெழுத்து மட்டும் வாங்கியிருக்கலாம். எல்லா வாடிக்கையாளருக்கும் அவள் சொல்லிக் கொடுக்கும் வழி அதுதான். போன சனிக்கிழமை என்ன அவசரமோ, "இதை எழுதி வை" என்று சாப்பாட்டு மேஜையில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

படிவம் நான்கு பக்கம். ஆர்னே திருப்பிக் கொடுத்தது இருபத்து மூன்று.

"என்ன இது?"

"இடம் பத்தல. தனித்தாள்ல எழுதினேன்."

மணி பன்னிரண்டேகால். ஒரு மணிக்கு வீட்டைப் பார்க்க லிண்ட்க்விஸ்ட் தம்பதி வருகிறார்கள். மார்லிஸ் நின்றபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

'7. மாடிப்படியில் மூன்றாவது படி கிறீச்சிடும். சத்தம் போடாமல் ஏற நினைப்பவர்களுக்கு மட்டும்.'

'19. குளியலறையில் ஆறாவது வரிசை ஓடு கோணல். நான் ஒட்டியது. மார்லிஸ் நன்றாக இருக்கிறது என்றாள். அது உண்மை அல்ல.'

'34. படுக்கையறையில் யாராவது அழுதால் சமையலறையில் கேட்கும்.'

"இதெல்லாம் ஒரு குறையா ஆர்னே?"

"கேக்குதே."

மார்லிஸ் சட்டென்று பக்கத்தைத் திருப்பினாள்.

ஆர்னே முப்பது வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். பெட்ரோல் பம்பு, கறிக்கடைத் தராசு எதுவும் அவனிடம் தப்பாது. அரை அவுன்ஸ் குறைந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு வருவான். ஓய்வு பெற்ற பிறகு ஒட்டத் தராசு கிடைக்காமல் மனிதர்கள்மேல் ஒட்ட ஆரம்பித்தான். உலகத்தின் பாதித் துன்பம் அரை அவுன்ஸ் பொய்களால் வருகிறது என்பது அவன் கட்சி.

அந்தக் கட்சிக்கு இந்த ஊர் சரிப்படாது. இங்கே யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. 'பரவாயில்ல' என்றால் பிரமாதம். 'வித்தியாசமா இருக்கு' என்றால் சகிக்கவில்லை. காபி வேண்டுமா என்று மூன்று தரம் கேட்க வேண்டும். முதல் இரண்டு தரம் மறுப்பது மரியாதை. ஆர்னே முதல் தரத்திலேயே "குடு" என்பான்.

அதையெல்லாம் மார்லிஸ் பொறுத்துக்கொண்டாள். தேவாலயத்தில் காபி குடிக்கும் நேரத்தில் அவளுடைய வாடிக்கையாளரிடமே போய், "நீங்க பாத்த வீட்ல ஏப்ரல் மாசம் நிலவறைக்குள்ள தண்ணி வரும்" என்று சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு தரம் என்றால் மன்னிக்கலாம். மூன்று தரம் சொன்னான், மூன்று வீடுகளுக்கு.

விவாகரத்து வழக்கில் நீதிபதி, "இந்தத் திருமணம் இனிமே சேராதபடி முறிஞ்சு போச்சா?" என்று கேட்டார். எல்லோரும் "ஆமாம்" என்று மட்டும் சொல்லும் கேள்வி. ஆர்னே யோசித்துவிட்டு, "அவளுக்கு ஆமா. எனக்கு இல்ல" என்றான். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம். விற்கும்வரை ஆர்னே வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. மார்லிஸ் தன் தங்கை வீட்டு நிலவறையில், துணி துவைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தாள். வாங்க வந்தவர்கள் நாலு பேர். முதல் ஆளிடம் ஆர்னே சூடேற்றி இருமுவதைச் சொன்னான், ஆள் ஓடிப்போனான், மார்லிஸ் சூடேற்றியை மாற்றினாள். அடுத்தவரிடம் வாசல் படி, அதற்கடுத்து நிலவறைச் சுவர், அப்புறம் மின்கம்பி. அவன் சொல்லச் சொல்ல அவள் சரி பண்ணினாள். வேலையாட்களை மேற்பார்வை பார்க்க சனிக்கிழமைதோறும் வந்தாள். வரும்போது காட்டரிசி சூப் கொதித்துக்கொண்டிருக்கும். அவள் வந்தது மேற்பார்வைக்குத்தான், சூப்புக்கு அல்ல. இதை யாரும் கேட்காமலேயே தங்கையிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ஒருவழியாக இந்த ஏப்ரலில் வீட்டில் சொல்லும்படியான கோளாறு ஒன்றும் பாக்கி இல்லை. ஏரி தெரியும் ஜன்னலோடு ஒரு சின்ன ஃபிளாட் அவளுக்காகக் காத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் இந்த வீடு விலை போனால் அது அவளுக்கு. இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு. அவளுக்குத் துணி துவைக்கும் எந்திரம்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தாள்.

'53. கூரை ஒழுகுகிறது. வடக்குச் சின்ன அறை.'

மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "கூரையா? எப்பலேர்ந்து?"

ஆர்னே காபியைக் கரண்டியால் கலக்கினான். பாலும் சர்க்கரையும் போடாத காபி. எதைக் கலக்குகிறான் என்று கேட்க அவளுக்கு நேரமில்லை.

"கொஞ்ச நாளா."

"சொல்ல வேண்டியதுதானே?"

"அதான் எழுதியிருக்கேனே."

மாடிக்கு ஓடிப் பார்த்தாள். சின்ன அறையின் கூரைப் பலகையில் தட்டு அளவுக்கு ஈரத் திட்டு. சொட்டவில்லை. ஓவியம் மாட்டி மறைக்க முடியாத இடம். கடவுளே, ஒரு மணி நேரம் மட்டும் சொட்டாமல் இரு என்று திட்டிடம் வேண்டிக்கொண்டு கீழே வந்தாள்.

ஜன்னலோரத்தில் ஜெரேனியம் செடி தலை தொங்கிக் கிடந்தது. பூவாளியைத் தேடினாள். காணோம். டம்ளரில் மொண்டு ஊற்றினாள். சோபாத் தலையணைகளை நிமிர்த்தி வைத்தாள். நாலில் மூன்றுதான் இருந்தது.

"இந்த வீட்ல ஒரு பொருள் வெச்ச இடத்துல இருக்காதா?"

"அம்பத்தி நாலாவதா சேத்துடவா?"

"பேசாதே. பன்னெண்டேகால் ஆயிடுச்சு... இல்ல, பன்னெண்டரை. பன்னெண்டே முக்காலுக்கு அடுப்பைப் போட்டு அந்த இலவங்கப்பட்டை பன்னை உள்ள வை. வீடு முழுக்க வாசனை வரணும்."

"நமக்குப் பசிக்கலையே."

"வாசனைக்குத்தான் ஆர்னே."

"அப்ப அது பொய் வாசனை."

அழைப்பு மணி அடித்தது. இந்த ஊரில் ஒரு மணி என்றால் பன்னிரண்டே முக்கால். அதையும் அவள் மறந்திருந்தாள். கையில் பத்தொன்பது தனித்தாள். இழுப்பறையில் திணித்தால் திறந்து பார்ப்பார்கள். அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே தள்ளி மூடிவிட்டு, புன்னகையை ஒட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். பின்னால், சமையலறைக் கடிகாரம் முக்கால் காட்டியதைப் பார்த்த ஆர்னே, சொன்ன சொல் தவறாமல் அடுப்பை மூட்டினான்.

வாசலில் மூன்று பேர் நின்றார்கள். கார்டன் லிண்ட்க்விஸ்ட், அவர் மனைவி ஜோனி, அவர்களுக்காக வீட்டைச் சோதிக்க ஏணியோடு வந்த வெய்னோ. எழுபதைத் தாண்டிய வெய்னோவை நம்பாமல் இந்த ஊரில் யாரும் வீடு வாங்கமாட்டார்கள். முன்னால் வந்த நாலு பேரும் அவரைத்தான் கூட்டி வந்தார்கள். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். அதற்குமேல் அவரிடமிருந்து வார்த்தை வாங்கியவர் இல்லை.

கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் புகை வந்துவிட்டது. கூடவே எச்சரிக்கை மணி, ஊரையே கூட்டுவதுபோல.

சமையலறையில் ஆர்னே இடுக்கியால் கருகிய தாள்களைக் கழுவும் தொட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"மணி நல்லா அடிக்குது பாருங்க," என்றான் விருந்தினரிடம். "அதுல குறை இல்ல."

"எரிஞ்சது என்னங்க?" என்றார் கார்டன்.

"வீட்டோட குறைகள். கவலைப்படாதீங்க, நகல் வெச்சிருக்கேன்."

மார்லிஸ் ஜன்னல்களையெல்லாம் திறந்தாள். ஏரியிலிருந்து பனிக்கட்டி வாடையோடு காற்று வந்து எல்லோரையும் மறுபடி கோட்டை மாட்ட வைத்தது. ஆர்னேயை ஓரமாக இழுத்தாள்.

"நீ இங்க நிக்காதே. மேல எங்கயாவது போய் இரு."

"மேலயா?"

"மேலதான். நான் கூப்பிடற வரைக்கும் வராதே."

ஆர்னே அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நீ சொல்றே, போறேன்" என்று படியேறினான். மூன்றாவது படி கிறீச்சிட்டது.

அவன் போனதும் எல்லாம் சுமுகமாக நடந்தது. நிலவறை உலர்ந்திருந்தது. சூடேற்றி இருமவில்லை. ஜோனி கோணல் ஓட்டைப் பார்த்துவிட்டு, "கைவேலை போல இருக்கு" என்று தடவிக்கூடப் பார்த்தாள். அவர்கள் மாடியில் அலமாரிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது மார்லிஸ் முன்னால் ஓடிச் சின்ன அறைக் கதவைத் திறந்தாள்.

சொட்டு. சொட்டு. சொட்டு.

திட்டு இப்போது தாம்பாளம் அளவுக்கு வளர்ந்திருந்தது. தரையில் குட்டி ஏரி. வாளி எடுக்க நேரமில்லை. கீழே பறந்துபோய் ஜெரேனியம் தொட்டியைத் தூக்கிவந்து சொட்டுக்கு நேர் கீழே வைத்தாள். அடுத்த சொட்டு ஒரு இலையில் விழுந்து தெறித்தது.

மூவரும் அறை வாசலில் நின்றார்கள்.

"இந்த ரூம்ல செடி... தானாவே வளரும்," என்றாள் மார்லிஸ்.

இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் அதைவிட மட்டமாக அவள் எதையும் சொன்னதில்லை.

"வித்தியாசமா இருக்கு," என்றாள் ஜோனி.

மார்லிஸின் கண்முன்னால் ஏரி தெரியும் ஜன்னல் ஒன்று மெல்ல மூடிக்கொண்டது. வெய்னோ கூரையைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். மார்லிஸைப் பார்த்தார்.

"ரொம்ப மோசமா?" என்றாள் அவள்.

"பாக்கலாம்," என்று ஏணியை எடுத்துக்கொண்டு பரணுக்குப் போனார். எதிரே ஆர்னே முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்து வழிவிட்டான்.

சமையலறையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். தலைக்குமேல் வெய்னோவின் காலடி போயிற்று, நின்றது, நெடுநேரம் நின்றது. சூப் வேண்டுமா என்று ஆர்னே ஒரே தரம் கேட்டான். லிண்ட்க்விஸ்ட் தம்பதி மரியாதைக்கு மறுத்தார்கள். அவன் பானையை மூடிவிட்டான். மார்லிஸ் திறந்து இன்னும் இரண்டு தரம் கேட்டு ஊற்ற வேண்டியிருந்தது.

"ரெண்டு பேருக்கு இது பெரிய வீடுதான் இல்ல?" என்றாள் ஜோனி.

"ரெண்டு பேர் இல்ல," என்றான் ஆர்னே. "விவாகரத்து ஆயிடுச்சு. சனிக்கிழமை மட்டும் ரெண்டு பேர்."

கார்டன் தொண்டையைச் செருமிக்கொண்டார். குறைப் பட்டியலின் நகல் அவர் முன்னால் இருந்தது. ஆர்னே ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தான்.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க எங்க இடத்துல இருந்தா இந்த வீட்டை வாங்குவீங்களா?"

வேண்டாம், பதில் சொல்லாதே என்று மார்லிஸ் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"வாங்கறது என்ன," என்றான் ஆர்னே, சூப்பைப் பார்த்தபடி. "நான் இங்கேர்ந்து போகவே மாட்டேன்."

கார்டன் மனைவியைப் பார்த்தார். "இருபத்தி மூணு பக்கம் குறை எழுதின மனுஷனே போகமாட்டேங்கறாரு. அப்ப நல்ல வீடுதான். கூரை மட்டும் சரின்னு வெய்னோ திங்கக்கிழமை எழுதிக் குடுத்துட்டா எடுத்துக்கறோம்."

இந்த ஊரில் இதற்குமேல் நேராக யாரும் சொல்லமாட்டார்கள். மார்லிஸ் துள்ளியிருக்க வேண்டும். அவளுக்கு விக்கல் வந்தது. தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்த ஆர்னேயின் முகத்தைப் பார்த்தாள். அரை அவுன்ஸ் குறைந்த தராசுமாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. குறை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்திராத காட்சி.

கூரை சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டினாள். பாதி வேண்டுதலில் அது மோசமாக இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. உடனே தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெய்னோ இறங்கி வந்து, "திங்கக்கிழமை" என்று மட்டும் சொன்னார். லிண்ட்க்விஸ்ட் தம்பதி கூடத்தில் ஒருமுறை, வாசலில் ஒருமுறை, காரருகே ஒருமுறை என்று முறைப்படி விடைபெற்றுப் போனார்கள். வெய்னோ தன் வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தார். மார்லிஸ் கோட்டுப் போடாமலே ஓடினாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் என்னால தாங்க முடியாது. இந்த ஒரு தடவை 'பாக்கலாம்'னு சொல்லாதீங்க. கூரை எவ்வளவு மோசம்?"

வெய்னோ கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தார். "இருபது வருஷம் தாங்கும்."

"அப்ப அந்தத் தண்ணி?"

"மேல ஒரு பூவாளி இருக்கு. முட்டி போட ஒரு சோபாத் தலையணை."

ஜன்னல் வழியாக ஆர்னே தெரிந்தான். இரண்டாவது கிண்ணம் சூப்பை அவள் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

"இருக்காது. ஆர்னே பொய் சொல்லமாட்டான். ஆயுசுக்கும் ஒண்ணுகூடச் சொன்னதில்ல."

"தெரியும்," என்றார் வெய்னோ, வண்டியில் ஏறியபடி. "அதனால நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுத்தான் பண்றீங்கன்னு நெனச்சேன். அந்தப் படிவத்தை அவர் கையில குடுத்ததே நீங்கதானே."