அப்ரூவல் வாங்கிய பாம்பு

இதை எனக்கு முதலில் சொன்னவர் ரங்காத்தாள் அக்கா. போன தைப்பூசத்தன்று, முருகன் கோயில் அன்னதானப் பந்தியில் இலைக்காகக் காத்திருந்தபோது சொன்னார். சாமிக்கு எதிரில் பொய் சொல்லுகிற ஆள் அவர் இல்லை. வெளியிலும் சொல்ல மாட்டார்.

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில், வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு காப்பகம் வைத்திருக்கிறார்கள். அக்கா அங்கே ஆயா. டீச்சர் பெயர் சித்ரகலா. முப்பத்தெட்டுக் குழந்தைகள், எல்லாம் மூன்று வயது, நான்கு வயது.

கார்த்திகை மாதம் காப்பகத்துக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. இங்கே தைக்கிற பனியனை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பியது. கூடவே ஒரு கடிதம். தங்களுக்குத் துணி தைக்கும் உலகத் தொழிற்சாலைகள் அனைத்திலும் உள்ள இளம் மழலையர், பாலைவனத்தில் வாழும் கொம்பு விரியன் என்னும் கொடிய நச்சுப் பாம்பு குறித்து ஒரே சீரான, ஏற்றத்தாழ்வற்ற விழிப்புணர்வு பெறுதல் இன்றியமையாதது என்று எழுதியிருந்தது.

நம் பக்கம் மணல் என்று பார்த்தால், வீடு கட்டுகிறவர்கள் ரோட்டோரம் கொட்டி வைத்திருப்பதுதான். அதையும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். பெட்டிக்குள்ளேயே இரண்டு கிலோ மணல் வந்திருந்தது. ஒரு ரப்பர் பாம்பு, அதன் கண்ணுக்கு மேலே இரண்டு கொம்பு. குழந்தைகள் தலையில் மாட்டிக்கொள்ளத் துணியில் தைத்த கொம்பு நாற்பது ஜோடி. அந்தக் கொம்பைப் பார்த்ததும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய மருமகள் மண்ணரைப் பக்கம் ஒரு கம்பெனியில் போன வருஷம் தைத்தது. கப்பலேறிப் போய், அறிவாக மாறித் திரும்பி வந்திருக்கிறது.

கம்பெனியில் இளங்குமரன் என்று ஓர் ஆபீசர். வெளிநாட்டுக்காரர் சொன்னது சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்கிற வேலை அவருக்கு. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவர் ஒப்புக்கொண்ட அப்ரூவல் சாம்பிள் ஒன்று கையில் இருக்கும். தைக்கிற ஒவ்வொரு பீஸையும் அதோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் ஓகே, இல்லையென்றால் ரிஜெக்ட். இளங்குமரன் சார் ரப்பர் பாம்பின் கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டி, ‘அப்ரூவல் சாம்பிள்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, அதைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தார்.

காப்பகத்தின் பின்கதவுக்கு வெளியே கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகள் பதினொன்று நெடுநாளாகக் கிடந்தன. எலி குடியிருந்தது. எலியைத் தேடிக்கொண்டு ஒரு கண்ணாடி விரியனும் வந்துவிட்டது. அக்கா தன் கண்ணால் பார்த்தார். மறுநாள் டீச்சரை அழைத்துக்கொண்டு ஆபீசரிடம் போனார்.

“சார், பொறவால ஒரு கண்ணாடி விரியன் இருக்குதுங்க. கொம்பு விரியனோட அதையும் சேத்துச் சொல்லிக் குடுத்தரட்டுங்களா?” என்று டீச்சர் கேட்டாள்.

“அதுக்கு சாம்பிள் வந்திருக்குதுங்களா டீச்சர்?”

“அதுவே வந்திருக்குதுங்க சார்.”

“வந்தாப் போதுமுங்களா? அப்ரூவல் வேணுமில்லீங்க.”

மூட்டைகளையாவது எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, எந்த ஆர்டரில் விழுந்த வேஸ்ட்டோ அந்த ஆர்டர் இன்னும் முடியவில்லை, முடியும்வரை ஒரு நூலைக்கூட அசைக்க விதி இல்லை என்றார். ஆனாலும் நியாயமான மனிதர். ஆதாரம் கேட்டார். அக்கா பாம்புச் சட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பனியன் அளக்கிற டேப்பால் அதை அளந்து, ‘நீளம் மூன்றடி ஒன்பது அங்குலம், நிறம் சேரவில்லை, கொம்பு இல்லை’ என்று எழுதி, ரிஜெக்ட் கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.

பாடம் ஆரம்பமானது. குழந்தைகளின் அம்மாமார் பாதிப்பேர் செக்கிங்கில் இருக்கிறவர்கள். இந்தி பேசுகிற குழந்தையும் ஒடியா பேசுகிற குழந்தையும்கூட ஓகே, ரிஜெக்ட் இரண்டையும் பால்குடி மறக்கும் முன்பே கற்றவை. ஆபீசர் கொடுத்த முறைப்படி டீச்சர் கயிற்றைக் காட்டுவாள், பெல்ட்டைக் காட்டுவாள், தண்ணீர்க் குழாயைக் காட்டுவாள். “கொம்பு இல்லை, ரிஜெக்ட்” என்று சொல்லிக் குழந்தைகள் அதைத் தூக்கிக் கூடையில் போட வேண்டும். ரப்பர் பாம்பைக் காட்டினால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நகர வேண்டும். எல்லோரையும்விடச் சுட்டி தரணி. நான்கு வயது. அவள் அம்மா மருதாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

டீச்சர் மட்டும் தினமும் பின்கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாளாம்.

மார்கழியில் ஒரு தூறல் நாள், பதினொரு மணிக்கு, வாங்குகிற கம்பெனியின் சார்பில் ஒரு அம்மா ஆடிட்டுக்கு வந்தார். ஆடிட் நேரத்தில் அவசர வழி திறந்திருக்க வேண்டும் என்பது விதி. காப்பகத்துக்கு அவசர வழி அந்தப் பின்கதவுதான். இளங்குமரன் சார் அதை அகலத் திறந்து, மூடாமல் இருக்க ஒரு செங்கல்லையும் முட்டுக் கொடுத்தார். பெட்டியில் வந்த மணலைத் தரையில் பரப்பிச் செய்த பாலைவனத்தைச் சுற்றி, முப்பத்தெட்டுக் குழந்தைகளும் கொம்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தன.

விஷப்பாம்புக்குக் கொம்பு எங்கே இருக்கும் என்று அந்த அம்மா கேட்டார். கண்ணுக்கு மேல என்று எல்லாம் ஒரே குரலில் சொல்லின. அந்த நேரம் பார்த்து, வெளியே ஈரம் தாங்காமல், கண்ணாடி விரியன் கதவு வழியாக உள்ளே வந்தது.

பெரியவர்கள் கல்லாய் நின்றார்கள். இளங்குமரன் சார் பழக்கதோஷத்தில் கையிலிருந்த அப்ரூவல் பட்டியலைப் புரட்டினார். தரணி மட்டும் எழுந்து போனாள். பாம்புக்கு நேரே குனிந்து உற்றுப் பார்த்தாள்.

“கொம்பு இல்லீங்க டீச்சர். ரிஜெக்ட்,” என்று சொல்லி, கூடையில் போடுவதற்காகக் கையை நீட்டினாள்.

அக்கா பாய்ந்து அவளை இடுப்போடு அள்ளியபோது, விரலுக்கும் பாம்புக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. “என்ற சாமி, என்ற சாமி” என்பதைத் தவிர அக்காவின் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. டீச்சர் மற்றப் பிள்ளைகளை முன்வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பாம்பு கொஞ்ச நேரம் பாலைவனத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூட்டைக்கே திரும்பிப் போனது.

பத்து நாளில் அறிக்கை வந்தது. பயிற்சி பெற்ற குழந்தையொன்று, பாடத்தில் இல்லாத பாம்பைத் தனித்து நின்று அடையாளம் கண்டு நிராகரித்தது என்றும், அச்சம் முற்றிலும் நீங்கியுள்ளது என்றும், நூற்றுக்கு நூறு என்றும் எழுதியிருந்தார்கள். தரணிக்கு ஒரு சான்றிதழ். டீச்சருக்கு ஒரு மெமோ. அவசர காலத்தில் குழந்தைகளை அவசர வழியாக வெளியேற்றாமல் முன்வாசல் வழியாக வெளியேற்றியது ஏன் என்று கேட்டிருந்தது. அவசரம் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது என்று டீச்சர் பதில் எழுதினாள். விளக்கம் ஏற்கப்படவில்லை.

டீச்சர் அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை. டெய்லர் சாக்பீஸால் சுவரில் கண்ணாடி விரியனை வரைந்து, பார்த்தால் தொடக் கூடாது, தள்ளி நிற்க வேண்டும், பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அந்த வாரமே பெற்றோர்கள் திரண்டு வந்தார்கள். வெளிநாட்டுப் பாடம் என்றுதானே சேர்த்தோம், காட்டுப் பாம்பையெல்லாம் எங்கள் ஊரிலேயே கற்றுக்கொள்ள மாட்டோமா என்று கேட்டார்கள். மருதாள் ஆடிட் அன்று மகளைக் கட்டிக்கொண்டு அழுதவள்தான். சான்றிதழைப் போட்டோ எடுத்து செல்போன் ஸ்டேட்டஸில் வைத்த பிறகு அவளுக்கும் வேறு கவலை வந்துவிட்டது.

“முன்னெல்லாம் பாம்புன்னா பயமே இல்லாம இருந்தாளுங்க டீச்சர். இந்தப் படத்தப் பாத்ததுல இருந்து பயப்படறாளுங்க. அழிச்சுப் போடுங்க,” என்றாள்.

அழித்துவிட்டார்கள்.

அக்கா இதைச் சொல்லி முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முருகா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்கும் முன்பே, மீந்த இரண்டு ஜோடிக் கொம்பில் ஒன்று என் பேத்திக்குக் கிடைக்குமா என்றும் கேட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் இன்னும் காங்கேயம் மாட்டைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஆர்டர் இன்னும் முடியவில்லை. மூட்டைகள் அங்கேயேதான் இருக்கின்றன. உங்களில் யாரிடமாவது குட்டியானை வண்டி இருந்தால், வீரபாண்டிப் பக்கம் ஒரே ஒரு நடை வந்து அவற்றை ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். பதினொரு மூட்டைதான். எடுக்கும் முன் ஒரு நீளக் குச்சியால் தட்டிப் பாருங்கள், கண்ணுங்களா.